பாதையையும் குழாயையும் சேர்த்துச் சுமக்கும் தோட்டத்து நடைபாலங்கள்

2025 நவம்பர் இறுதியில் இலங்கையைத் தாக்கிய டித்வா சூறாவளி 600க்கும் மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்டது. கண்டி, நுவரெலியா, பதுளை ஆகிய மலையக மாவட்டங்களே மண்சரிவினால் மிக மோசமாகப் பாதிக்கப்பட்டன. மலையகத்துக்கான புகையிரதப் பாதை துண்டிக்கப்பட்டது. பிரதான வீதிகள் பல நாட்களாக மூடப்பட்டிருந்தன. அதன் பின்னர் வெளியான சேத மதிப்பீடுகளில் நெடுஞ்சாலைப் பாலங்களும் புகையிரதப் பாலங்களும் உரிய இடத்தைப் பெற்றன. இந்திய இராணுவப் பொறியியலாளர்கள் வந்து தற்காலிக பெய்லி பாலங்களை அமைத்துக் கொடுத்ததும் பரவலாகப் பேசப்பட்டது. ஆனால் தோட்டங்களுக்குள் ஓடும் ஓயாக்களின் மீதும் ஓடைகளின் மீதும் கிடந்த சிறிய நடைபாலங்களைப் பற்றிய பேச்சு அவற்றைத் தினமும் கடப்போரின் வாயோடு நின்றுவிட்டது.

நெடுஞ்சாலைப் பாலமொன்று உடைந்தால் போக்குவரத்து நிற்கும். தோட்டத்து நடைபாலம் உடைந்தாலோ போக்குவரத்தோடு பீலியில் விழும் தண்ணீரும் நின்றுவிடும். சில இடங்களில் லயன் அறைகளின் வெளிச்சமும் அதனுடன் போய்விடும். ஏனெனில் மலையகத் தோட்டங்களில் நடைபாலம் என்பது பெரும்பாலும் மனிதர் நடப்பதற்கு மட்டும் உரியதன்று. அதன் பக்கவாட்டில் தண்ணீர்க் குழாய் கட்டப்பட்டிருக்கும். கைப்பிடிக் கம்பியை ஒட்டி ஏதேனும் ஒரு வயர் இழுக்கப்பட்டிருக்கும். இந்த ஏற்பாடு எவ்வாறு தோன்றியது, அது ஏன் இன்று வரை எவருடைய பொறுப்பிலும் முறையாகச் சேராமல் இருக்கின்றது என்பவை புனரமைப்புப் பற்றிப் பேசப்படும் இக்காலகட்டத்தில் விளங்கிக்கொள்ள வேண்டிய விடயங்களாகும்.

மலைநாட்டின் நிலவமைப்பை முதலில் நினைவுபடுத்திக் கொள்வது நல்லது. ஹட்டன் நகரம் இரண்டு பெரும் ஆற்று வடிநிலங்களைப் பிரிக்கும் மலைமுகட்டில் அமர்ந்திருக்கின்றது. அதன் ஒரு புறத்தில் விழும் மழை ஹட்டன் ஓயா, கொத்மலை ஓயா போன்றவற்றின் வழியே மகாவலியைச் சேர்ந்து, 335 கிலோமீற்றர் ஓடி, திருகோணமலைக்குத் தெற்கே கடலில் விழும் நீரோடு கலக்கின்றது. மறு புறத்தில் விழும் மழை கெஹெல்கமு ஓயாவினதும் மஸ்கெலி ஓயாவினதும் வழியாகக் களனியாகி, கொழும்புக்கு அருகே கடலை அடைகின்றது. கொழும்புவாசி குடிக்கும் நீரும் மகாவலி வலயத்து விவசாயி வயலுக்குப் பாய்ச்சும் நீரும் தேயிலை மலைகளுக்கிடையில்தான் பிறக்கின்றன. அவ்விடங்களில் வாழ்பவர்களுக்கோ ஆறு என்பது பெரும்பாலும் தண்ணீர் தரும் இடமன்று. அது பள்ளத்தில் ஓடும், குடியிருப்பு மேட்டில் இருக்கும். தண்ணீர் வருவது அதற்கும் மேலே, மலையுச்சிக் காட்டோரம் கசியும் ஊற்றிலிருந்து. ஆறு அவர்களுக்குக் கடக்க வேண்டிய ஒரு தடை.

ஒரு தோட்டத்தின் டிவிசன்கள் ஓயாவின் இரு கரைகளிலும் பரந்திருக்கும். ஸ்டோர் ஒரு கரையில் இருந்தால் லயன்களில் ஒரு பகுதி மறுகரையில் இருக்கும். பாடசாலை, கோயில், பிள்ளை மடுவம், வைத்தியசாலை எல்லாம் எந்தக் கரையில் சமதரை கிடைத்ததோ அந்தக் கரையில். நீரூற்றும் அவ்வாறே, நல்ல ஊற்று எந்த மலையில் இருக்கின்றதோ அங்கிருந்துதான் நீரைக் கொண்டுவர வேண்டும். ஆதலால் குழாய் எங்கேனும் ஓரிடத்தில் ஆற்றைத் தாண்டியே ஆக வேண்டும்.

அதற்கு மூன்று வழிகள் உண்டு. குழாயை ஆற்றுப்படுகையின் கீழே புதைக்கலாம். ஆனால் மலையாறு பாறாங்கற்களை உருட்டிக்கொண்டு வருவது. ஒரு பெருவெள்ளம் படுகையை ஓரிரு அடி அரித்துவிட்டால் குழாய் வெளியே தெரியும், அடுத்த வெள்ளத்தில் அது இருக்காது. குழாய்க்கென்றே தூண்கள் எழுப்பித் தனிப்பாலம் கட்டலாம். அதற்குச் செலவு அதிகம். மூன்றாவது வழி, ஏற்கனவே நிற்கும் நடைபாலத்தில் குழாயைக் கட்டிவிடுவது. செலவு நான்கைந்து வளையங்களும் கொஞ்சம் கம்பியும்தான். தோட்டங்கள் எந்த வழியைத் தெரிவு செய்திருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இதைத் தவறு என்று எடுத்த எடுப்பில் தள்ளிவிடவும் முடியாது. உலகெங்கும் நகரங்களில் பெரும் பாலங்களின் வயிற்றுக்குள் நீர்க்குழாய்களும் எரிவாயுக் குழாய்களும் தொலைபேசி வடங்களும் ஓடிக்கொண்டிருக்கின்றன. பாலம் கட்டும்போதே அவற்றின் பாரத்தைக் கணக்கில் எடுத்து அதற்கான இடத்தை விட்டுவிடுகின்றார்கள். வித்தியாசம் இந்தக் கணக்கில்தான் இருக்கின்றது.

அக்கணக்கை நாமும் சற்றுப் போட்டுப் பார்க்கலாம். 50 மில்லிமீற்றர் உள்விட்டமுள்ள, அதாவது நமது வழக்கில் இரண்டு அங்குலக் குழாயில், ஒவ்வொரு மீற்றருக்கும் ஏறத்தாழ 2 கிலோகிராம் நீர் இருக்கும். இரும்புக் குழாயின் சொந்த எடை மீற்றருக்கு ஏறத்தாழ 5 கிலோகிராம். 20 மீற்றர் நீளமான பாலத்தில் இரண்டும் சேர்ந்தால் 140 கிலோகிராம் அளவில் வரும், இரு வளர்ந்தவர்களின் எடை. இதைப் பொருட்படுத்தத் தேவையில்லை எனலாம். ஆனால் குடியிருப்புப் பெருகி நான்கு அங்குலக் குழாய் போடப்படும்போது நீரின் எடை இரு மடங்காக அன்றி நான்கு மடங்காகின்றது. குழாயின் எடையையும் சேர்த்தால் அதே 20 மீற்றரில் பாரம் 400 கிலோகிராமை எட்டும். கொழுந்துக் கூடையுடன் ஒருவர் பின் ஒருவராகக் கடப்பவர்களுக்கென்று போடப்பட்ட பாலத்தில், ஆறேழு பேர் இரவும் பகலும் இறங்காமல் ஒரு பக்கமாகவே நின்றுகொண்டிருப்பதற்கு இது சமம். ஒரு பக்கமாக என்பதைக் கவனிக்க வேண்டும். கம்பிவடத்தில் தொங்கும் பாலமாயின் அது அப்பக்கம் சாயத் தொடங்கும்.

இருந்தும் எடையைவிடப் பெரிய பகை கசிவு ஆகும். மூட்டு ஒன்றில் சொட்டும் நீர் வருடக்கணக்கில் ஒரே இடத்தில் விழுந்துகொண்டிருக்க, கீழே இருக்கும் பலகை உளுத்துப் போகின்றது, இரும்பு துருவேறுகின்றது. மழைக்குப் பின் வெயில் காயும்போது பாலம் முழுவதும் உலர்ந்தாலும் அந்த ஓரிடம் உலர்வதில்லை. பலகை மாற்ற வேண்டியவர் ஒருவர், குழாய் திருத்த வேண்டியவர் இன்னொருவர் என்றால் சொட்டு நிற்கப்போவதில்லை.

வெள்ளத்தின்போது வேறொரு ஆபத்து நேர்கின்றது. குழாய் பாலத்தின் கீழ்ப்புறமாக, நீர்வரத்துப் பக்கத்தில் கட்டப்பட்டிருந்தால் அது ஒரு சல்லடை போலாகிவிடும். அடித்துவரும் மரக்கிளைகளும் மூங்கில்களும் பிளாஸ்டிக் பைகளும் அதில் மாட்டிக்கொள்கின்றன. அதுவரை கம்பிகளுக்கிடையில் புகுந்து சென்ற நீருக்கு இப்போது ஒரு சுவர் எதிர்ப்படுகின்றது. ஓடும் நீரின் வேகம் இரட்டித்தால் அது கொடுக்கும் தள்ளுவிசை நான்கு மடங்காகும் என்பது பொறியியலின் பாலபாடம். மனிதர் நடந்ததனாலோ குழாயின் பாரத்தினாலோ ஒருபோதும் விழாத பாலம் இவ்வாறு ஓரிரவில் பெயர்ந்து போகலாம்.

இனி வரலாற்றுக்கு வருவோம். மலைநாட்டில் ஆங்கிலேயர் கட்டிய பாலங்களில் முதற் பெருமை பேராதனைப் பாலத்துக்கு உரியது. 1833இல், பிரேசர் என்னும் இராணுவப் பொறியியலாளரின் திட்டப்படி, மகாவலியின் மேல் 205 அடி நீளமான ஒற்றை வளைவாக, முழுவதும் முதிரை மரத்தினால் அது எழுப்பப்பட்டது. ஆணியோ திருகாணியோ இன்றி மரத்தோடு மரத்தைப் பொருத்திக் கட்டியதாக அக்காலத்துப் பயணிகள் வியந்து எழுதியிருக்கின்றார்கள். 1905இல் இரும்புப் பாலத்துக்கு இடம்விட்டுக் கழற்றப்படும் வரை, ஏழு தசாப்தங்களாகக் கோப்பி வண்டிகளையும் பின்னர் தேயிலை வண்டிகளையும் அது சுமந்தது. புகையிரதப் பாதை 1867இல் கண்டியையும், 1874இல் நாவலப்பிட்டியையும், 1884இல் ஹட்டனையும், 1885இல் நானுஓயாவையும் அடைந்தது. அதன் பாலங்கள் அனைத்தும் சரக்கை இறக்குவதற்காகவே எழுந்தன. ஆற்றின் பெயரோடும் அதிகாரிகளின் பெயரோடும் அவை பதிவாகியுள்ளன. ஒரு பாலத்தின் பெயரே ஊரின் பெயராகிவிட்ட நோர்ட்டன் பிரிட்ஜும் நம்மிடம் உண்டு.

இவற்றையெல்லாம் கட்டுவதற்கும் இவற்றின் மேல் சரக்கு ஏற்றுவதற்கும் தமிழகத்திலிருந்து வந்தவர்கள் மன்னாரில் இறங்கி, காடுகளின் ஊடாக மாத்தளை வரை நடந்தே வந்தார்கள் என்பது வாசகர் அறிந்ததே. அந்த வருகையின் 200 ஆண்டு நிறைவை நினைவுகூர்ந்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடைபயணம் ஒன்றும் மேற்கொள்ளப்பட்டது.

தோட்டத்தின் உள்ளே சிறு பாலங்கள் பெருகியதற்கு, கோப்பியின் வீழ்ச்சியும் தேயிலையின் வருகையும் ஒரு முக்கிய காரணமாகும் என்பது எமது கருத்து. கோப்பி பருவப் பயிர். பழம் பறிக்கும் காலத்தில் வேலையாட்கள் வருவார்கள், முடிந்ததும் பெரும்பகுதியினர் ஊர் திரும்புவார்கள். 1869இல் தலைகாட்டிய இலைநோய் அதை அழித்தொழித்தது. 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் ஆரம்பித்த தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. தேயிலைக்குப் பருவமில்லை. ஆண்டு முழுவதும் கொழுந்து எடுக்க வேண்டும். எடுத்த கொழுந்து அன்றன்றே ஸ்டோருக்குப் போய் வாட்டப்பட வேண்டும், கூடையில் கிடந்து சூடேறினால் அது தேயிலையாகாது. தென்மேல் பருவமழையில் ஓயா கரைபுரளும் ஜூன் மாதத்திலும் கொழுந்து மறுகரைக்குப் போயாக வேண்டும். கோப்பிக் காலத்தில் காய்ந்த மாதங்களில் கல்லில் கால்வைத்துத் தாண்டிய இடங்களுக்குத் தேயிலைக் காலத்தில் பாலம் தேவைப்பட்டது. வேலையாட்களும் ஆண்டு முழுவதற்கும் குடும்பத்தோடு தங்கவைக்கப்பட்டார்கள். ஆகவே அந்த நடைபாலம் கொழுந்துக்காகப் போடப்பட்டது. பாடசாலைப் பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் கோயில் காவடியும் பிரேதப் பாடையும் அதன் வழியாகப் போனமை அதன் உபபலன்.

குழாயின் கதையும் இதைப் போன்றதே. ஆரம்பகாலத் தேயிலைத் தொழிற்சாலைகள் பலவற்றில் உருட்டும் இயந்திரங்களை இயக்கியது நீர்ச்சக்கரமும் பின்னர் நீர்ச்சுழலியும் ஆகும். மேல்மலையிலிருந்து வாய்க்கால் வெட்டி, இரும்புக் குழாயில் நீரை இறக்கி, தோட்டங்கள் தமக்குத் தேவையான சக்தியைத் தாமே பெற்றுக்கொண்டன. மலையகத்தில் இரும்புக் குழாய் முதலில் கண்டது இயந்திரத்தை. அடுத்து அது துரையின் பங்களாவுக்குச் சென்றது. லயன்களுக்கு நெடுங்காலமாக மூங்கிலோ தகரமோ வைத்து இறக்கிய பீலிதான். இன்றும் குழாய்நீர் வரும் இடத்தைக்கூட மக்கள் பீலி என்றே அழைக்கின்றனர், சொல் பழையதைக் கைவிடவில்லை.

மின்சாரத்தின் கதை இதைவிடவும் முரணானது. இந்நாட்டு நீர்மின்சாரத்தின் தந்தை எனப் போற்றப்படும் டி.ஜே.விமலசுரேந்திர, நுவரெலியா நகருக்கான சிறு நீர்மின் நிலையத்தை 1912இல் பிளக்பூலில் அமைத்தார். அவர் கனவு கண்ட லக்ஷபான மின்நிலையம் 1950இல் இயங்கத் தொடங்கியது. 1960களில் காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்கள் கட்டப்பட்டன. பழைய மஸ்கெலியா நகரம் மவுசாகலை நீருக்குள் மூழ்கியது, வரட்சிக் காலத்தில் நீர்மட்டம் இறங்கும்போது அங்கிருந்த கோயிலின் எச்சங்கள் இப்போதும் தலைகாட்டுகின்றன. 2012இல் தலவாக்கலையில் 150 மெகாவாட் மேல் கொத்மலை மின்நிலையம் திறக்கப்பட்டது. கொழும்புக்கு ஒளியூட்டிய உயரழுத்தக் கம்பிகள் லயன்களின் கூரைக்கு மேலாகச் சென்றுகொண்டிருந்த அதே தசாப்தங்களில் கூரையின் கீழே குப்பி விளக்கு எரிந்தது. பின்னர் மின்சாரம் வந்தபோது, தூண் நாட்ட இடமில்லாத பள்ளங்களில், பாலத்தின் கைப்பிடியை ஒட்டி வயர் இழுக்கும் வழக்கமும் சேர்ந்தே வந்தது. கசியும் குழாயும் மின்கம்பியும் ஒரே பாலத்தில் அருகருகே இருப்பது எவ்வளவு ஆபத்தானது என்பதை விளக்க வேண்டியதில்லை.

மகாவலி ஆறு மலையிலிருந்து இறங்கிப் பேராதனையை அடையும் இடத்திலும் ஒரு புகழ்பெற்ற நடைபாலம் உண்டு. பல்கலைக்கழக வளாகத்தினுள் இருக்கும் அக்பர் பாலமே அது. கொழும்பில் 1950இல் ஆரம்பிக்கப்பட்ட பொறியியல் பீடம் 1964இல் பேராதனைக்கு இடம்பெயர்ந்தது. அப்பீடம் ஆற்றின் ஒரு கரையிலும், கலைப்பீடம் முதலியன மறுகரையிலும் அமைந்திருக்கின்றன. இரண்டையும் இணைக்கும் அப்பாலம், பல்கலைக்கழகத்தைக் கண்டிப் பிரதேசத்தில் அமைக்க வேண்டுமென வாதாடியவர்களுள் ஒருவரான நீதியரசர் அக்பரின் பெயரைத் தாங்கிய மாணவர் விடுதியின் வழியே தன் பெயரைப் பெற்றது. அப்பாலத்துக்குப் பெயர் இருக்கின்றது, பழுதானால் முறையிட ஓர் அலுவலகம் இருக்கின்றது. மலையகத் தோட்டங்களிலிருந்து தெரிவாகி வரும் மாணவர்களும் அதில் நடந்துதான் விரிவுரைக்குப் போகின்றார்கள். அதே ஆற்றின் தலைப்பகுதியில், அவர்கள் பாடசாலைக் காலத்தில் கடந்த பாலத்துக்கோ இவற்றில் எதுவும் இல்லை. ஸ்டோரடிப் பாலம், கோயிலடிப் பாலம் என்பதற்கு மேல் அதற்கொரு பெயரில்லை.

இவ்வேறுபாட்டுக்குக் காரணம் பொறியியலில் இல்லை, சட்டத்தில் இருக்கின்றது.

தோட்டம் என்பது ஒரு தனி இராச்சியம் போலவே ஆரம்பத்திலிருந்து நடத்தப்பட்டு வந்தது. வீடு, நீர், வைத்தியம், பாதை அனைத்தும் நிர்வாகத்தின் கையில். கிராமச் சங்கங்களின் பார்வை தோட்ட எல்லையோடு நின்றது. 1937ஆம் ஆண்டின் கிராமச் சமூகங்கள் கட்டளைச் சட்டத் திருத்தம் இந்தியத் தோட்டத் தொழிலாளர்களுக்கு அவ்வமைப்புகளில் வாக்குரிமையை மறுத்தது. 1948இல் குடியுரிமையே பறிபோனது. பல தசாப்தங்களின் பின் குடியுரிமை திரும்பக் கிடைத்தபோதும், 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் தோட்டங்களை வெளியிலேயே வைத்தது. அதன் 33ஆவது பிரிவு, சபை நிதியைத் தோட்டப் பகுதிகளில் செலவிடுவதற்குப் பெருந்தடையாக அமைந்தது. தோட்ட மக்கள் வாக்களித்துத் தெரிவு செய்த உறுப்பினர், தனக்கு வாக்களித்தவரின் பாலத்துக்கு ஒரு பலகை வாங்கிப் போடுவதற்குக்கூடச் சட்டம் இடம்தரவில்லை என்பதே நடைமுறையில் இதன் பொருளாகும். 2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி நுவரெலியா மாவட்ட மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் தோட்டப்புறத்தில் வாழ்ந்தனர் என்பதை இதனுடன் சேர்த்து வாசிக்க வேண்டும்.

நிலத்தின் உரிமையும் இடையிடையே கைமாறியது. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாகி, மக்கள் பெருந்தோட்ட அபிவிருத்திச் சபையிடமும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனத்திடமும் போயின. 1992இல் அவற்றின் முகாமைத்துவம் இருபதுக்கும் மேற்பட்ட பிரதேசப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது, பின்னர் அது நீண்டகாலக் குத்தகையாகியது. குத்தகைக்கு எடுத்தவர் தொழிற்சாலையின் இயந்திரத்தையும் தேயிலைச் செடியையும் கணக்கில் எழுதிக்கொள்வார். லொறி வந்து மலையிலேயே கொழுந்தை நிறுத்து ஏற்றிக்கொண்டு போகும் காலத்தில், கொழுந்து கடக்காத நடைபாலம் அவருக்கு ஒரு செலவு மட்டுமே. உற்பத்திக்காகப் பிறந்த பாலம் உற்பத்தியிலிருந்து கழன்று முழுக்க முழுக்க மக்களுடையதாக மாறிய அந்தத் தருணத்தில், அதைக் கையேற்கச் சட்டப்படி எவரும் இருக்கவில்லை.

2018இல் இந்நிலை ஓரளவு மாறியது. பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆவது பிரிவு திருத்தப்பட்டு, தோட்டப் பகுதிகளிலும் சபைகள் பணியாற்ற வழி திறக்கப்பட்டது. மலையகத்துக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகார சபையும் அவ்வாண்டிலேயே சட்டமாகியது. அக்காலப்பகுதியிலேயே நுவரெலியா, அம்பகமுவ என்ற இரு பெரும் பிரதேச சபைகளும் பிரிக்கப்பட்டு, கொட்டகலை, அக்கரப்பத்தனை, நோர்வூட், மஸ்கெலியா ஆகிய புதிய சபைகளோடு ஆறாயின. மலையக அரசியலில் அண்மைக் காலத்தில் நிகழ்ந்த உருப்படியான மாற்றங்களுள் இவை அடங்கும். ஆயினும் அச்சபைகளின் பதவிக்காலம் 2023 மார்ச்சில் முடிவடைந்தபோது தேர்தல் ஒத்திவைக்கப்பட்டது. 2025 மே மாதத்திலேயே மீண்டும் தேர்தல் நடைபெற்றது. தெரிவான உறுப்பினர்கள் ஆசனங்களில் அமர்ந்து சில மாதங்களுக்குள் சூறாவளி வந்துவிட்டது.

இன்றைய நிலையில் ஒரு தோட்டத்து நடைபாலத்தைச் சுற்றி எத்தனை நிறுவனங்கள் நிற்கின்றன என்று பாருங்கள். நிலம் அரசினுடையது, குத்தகை கம்பனியினுடையது. வீடும் சுகாதாரமும் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்தின் பார்வையில் வருகின்றன. குழாயை அந்நிதியமோ, ஓர் அரசசார்பற்ற நிறுவனமோ, தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையோ, தோட்டத்து நீர்ப் பாவனையாளர் சங்கமோ போட்டிருக்கலாம். வயர் மின்சார சபையினுடையது. கரை சரியுமா என்று சொல்ல வேண்டியது தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம். பாலத்தைப் பிரதேச சபை கட்டலாம், கட்டாமலும் இருக்கலாம். இவற்றில் ஒவ்வொன்றும் தன் பங்கைச் செய்திருக்கக்கூடும். எல்லாவற்றையும் ஒரே இரும்புச் சட்டம் தாங்கிக்கொண்டிருக்கின்றது என்ற தகவல் மட்டும் எந்தக் கோப்பிலும் இருக்காது.

பிற நாடுகளில் என்ன செய்திருக்கின்றார்கள் என்று பார்ப்பதற்கு வெகுதூரம் போகத் தேவையில்லை. கன்னியாகுமரி மாவட்டத்தில் பறளியாற்றின் குறுக்கே 1960களில் கட்டப்பட்ட மாத்தூர் தொட்டிப்பாலம், இரு குன்றுகளுக்கிடையே 28 தூண்களின் மேல், நூறு அடிக்கும் மேற்பட்ட உயரத்தில் பாசன நீரைக் கொண்டு செல்கின்றது. நீர் ஓடும் தொட்டியின் ஓரமாக மனிதர் நடந்து செல்லவும் வழி விடப்பட்டிருக்கின்றது. அங்கே பாலத்தின் முதல் வேலை நீரைச் சுமப்பது, மனிதருக்கு அது தரும் வழி இரண்டாவது. நமது நிலைமையின் நேர்த் தலைகீழ் அது. இரண்டும் ஆரம்பத்திலேயே கணக்கில் எடுக்கப்பட்டதனால் இன்றும் நிற்கின்றது.

செலவைக் காரணம் காட்டுவோருக்குக் கர்நாடகத்தின் சுள்யாவைச் சேர்ந்த பொறியியலாளர் கிரீஷ் பாரத்வாஜை எடுத்துக்காட்டலாம். 1989இல் பயஸ்வினி ஆற்றின் மேல் முதல் தொங்குபாலத்தைக் கட்டிய அவர், அதன் பின் ஒதுக்குப்புறக் கிராமங்களுக்கென நூற்றுக்கும் அதிகமான நடைபாலங்களைக் குறைந்த செலவில் கட்டியமைக்காக 2017இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். நேபாளமோ இதை அரச கொள்கையாகவே எடுத்துக்கொண்டது. 1960களிலேயே தொங்குபாலங்களுக்கென ஒரு தனி அரச பிரிவை ஏற்படுத்தி, சுவிட்சர்லாந்தின் தொழில்நுட்ப உதவியுடன் ஆயிரக்கணக்கான நடைபாலங்களைக் கட்டியது. கம்பிவடத்தின் தடிப்பு முதல் பலகையின் அளவு வரை எல்லாம் நாடு முழுவதற்கும் ஒரே தரத்தில் அமைந்தவை. உள்ளூரில் பாவனையாளர் குழு, அதற்கு மேல் உள்ளூராட்சி அமைப்பு என்று பராமரிப்புப் பொறுப்பும் வகுக்கப்பட்டிருக்கின்றது. நமது மலைகளைவிடப் பன்மடங்கு கடினமான மலைகள் அவை.

பொறுப்பு மங்கலாகும்போது என்ன நேரும் என்பதற்கும் உதாரணம் உண்டு. குஜராத்தின் மோர்பியில் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொங்குபாலம் ஒன்று, திருத்தப்பட்டுத் திறக்கப்பட்ட சில நாட்களில், 2022 ஒக்டோபர் 30ஆம் திகதி அறுந்து விழுந்து 130க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கம்பிவடங்களின் துருவும், நகரசபையும் பராமரிப்பைப் பொறுப்பேற்ற நிறுவனமும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்ததும் பின்னர் விசாரணைகளில் வெளிவந்தன.

நமது பிரதேச சபைகள் செய்யக்கூடியதும் செய்ய வேண்டியதுமான முதற்பணிக்குப் பெரும் நிதி தேவையில்லை. தமது எல்லைக்குள் இருக்கும் ஒவ்வொரு நடைபாலத்துக்கும் ஓர் இலக்கம் கொடுத்து, அதன் நீளம், அது எதனால் ஆனது, அதன் மேல் என்னென்ன செல்கின்றன, அவை ஒவ்வொன்றும் யாருடையவை, டித்வாவின்போது நீர் எந்த மட்டம் வரை ஏறியது என்பவற்றை ஒரு பதிவேட்டில் எழுதுவதே அது. கடைசியாகச் சொன்னதை இப்போதே எழுதிக்கொள்ள வேண்டும். வெள்ளம் ஏறிய அடையாளம் கரையோர மரங்களிலும் சுவர்களிலும் அதிக காலம் நிற்காது, அதைக் கண்டவர்களின் நினைவிலும் அவ்வாறே. புதிய பாலத்தின் தளம் எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்பதை அந்த அடையாளமே தீர்மானிக்கும்.

அதன் பின்னர் வருபவை சிறிய தொழில்நுட்ப விடயங்கள். குழாயை நீர்வரத்துப் பக்கத்தில் தொங்கவிடாமல், நீர் இறங்கிப் போகும் பக்கத்தில், தளத்தின் மட்டத்துக்குக் கீழே போகாதவாறு பொருத்த வேண்டும். இரு கரைகளிலும் ஒவ்வொரு வால்வு வேண்டும், பாலம் போனாலும் மேல்கரை மக்களுக்காவது தண்ணீர் நிற்காது, தொட்டியும் காலியாகாது. கரையும் பாலமும் சந்திக்கும் இடத்தில் வளைந்து கொடுக்கும் இணைப்பொன்று இருந்தால் குழாய் இழுபட்டுப் பாலத்தைத் தன்னோடு இழுக்காது. மின்கம்பியை எக்காரணம் கொண்டும் குழாயுள்ள பக்கத்தில் கட்டக்கூடாது. தோட்டத்துக் குழாய்க்காரருக்கு இவையெல்லாம் தெரியாதவை அல்ல. கேட்டால் அவரே சொல்வார், வால்வு வாங்கித் தருமாறு அவர் யாரிடம் கேட்பது என்பதுதான் இதுவரை தெரியாதிருந்தது.

இந்திய வீடமைப்புத் திட்டத்தின் கீழும் அரச திட்டங்களின் கீழும் லயன்களுக்குப் பதிலாகத் தனி வீடுகள் கட்டப்பட்டு வருகின்றன. டித்வாவின் பின்னர் ஆபத்தான சரிவுகளிலிருந்து மேலும் பல குடும்பங்களை இடமாற்ற வேண்டியிருக்கின்றது. புதிய குடியிருப்புகளுக்குப் பாதுகாப்பான நிலம் பழைய ஊற்றிலிருந்து தூரத்திலும், பழைய பாடசாலைக்கு எதிர்க்கரையிலும் அமையக்கூடும். அதாவது இனிவரும் ஆண்டுகளில் பாதையும் குழாயும் ஓயாவைக் கடக்க வேண்டிய இடங்கள் அதிகரிக்கவே போகின்றன. வீட்டுத் திட்டத்துக்கான மதிப்பீட்டில் அத்திவாரத்துக்கும் கூரைத் தகட்டுக்கும் நிரல் இருப்பதுபோல் அந்த ஓயாவைக் கடப்பதற்கும் ஒரு நிரல் இருக்கின்றதா என்பதைத் திட்டங்களுக்கு அனுமதி வழங்கும்போதே மாவட்டச் செயலகமும் பிரதேச சபைகளும் கேட்கலாம்.